கொக்குக்கு ஒரு தட்டு

என் ஆசை மச்சான் அந்தோனிக்கு,

எழுதுவது சவரிமுத்துதான். நம்பமாட்டாய். யாரோ என் வாயைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். இல்லை, பேனையைப் பிடித்திருப்பது என் கைதான். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகிறது. போகட்டும், எனக்கு இப்போது அவசரமான வேலை ஒன்றும் இல்லை. உனக்கு அதைவிட இல்லை.

நீ போன பிறகு கோவில் மண்டபத்தில் ஒரு சிஸ்டர் வயது போனவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். கண்ணில் வளர்ந்த வெள்ளைப் புரையை எடுத்தாயிற்று, சும்மா இருந்து என்ன செய்வது என்று நானும் போனேன். இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரை ஒருவரிடமும் கேட்காமல் வாசித்து ஏறுகிறேன். அந்தச் சந்தோசத்துக்காகவே தேவையில்லாமல் ஊர்காவற்றுறைக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீயும் என்னைப் போல எழுத்துத் தெரியாதவன்தான். ஆனால் என் தங்கச்சி திரேசா உனக்கு முதலே அங்கே போய் இருக்கிறாள். உன் பெண்சாதி ஐந்தாம் வகுப்புப் படித்தவள். இதை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லு. இடையில் நிறுத்தி என்னைத் திட்டுவாள். திட்டி முடிந்ததும் மிச்சத்தை வாசிக்கச் சொல்லு.

சங்கதி இதுதான். உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் புத்தகம் அடிக்கப் போகிறார்கள். உன் மகள் றீற்றா எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். பாசமிகு தந்தை, நேசமிகு சகோதரன், பண்புமிகு பெரியார் என்று முதல் பக்கம் முழுக்க ஒரே மிகு மிகு. விரலை வைத்து வைத்து வாசித்துக்கொண்டு போனேன், உன்னை ஓரிடத்திலும் காணவில்லை. மச்சான், அந்தப் புத்தகத்தில் இருக்கிற மனிதனை நான் வழியில் கண்டிருந்தால், மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றிருப்பேன். அவனோடு ஒரே வள்ளத்தில் ஏறியிருக்கவே மாட்டேன்.

"எல்லாம் கிடக்கு. கொக்கு எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "மாமா, அந்தப் பேரை மட்டும் எடுக்காதேங்கோ. செத்த பிறகும் அப்பாவை அப்பிடித்தான் கூப்பிட வேணுமோ?"

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது? பண்புமிகு எண்டோ?"

"நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. ஆனால் அந்தப் பேர் வேண்டாம்."

அந்த ஒரு பக்கம்தான் இது. ஒரு பக்கத்தில் நிற்காது போலத் தெரிகிறது.

உனக்குத் தெரிந்த கதையை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நயினாதீவுக்கு அப்பால் எங்கள் வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோன நாள் ஞாபகம் இருக்கிறதா? நீரோட்டம் எங்களை நெடுந்தீவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சோற்றுப் பெட்டிக்குள் கடல் தண்ணீர். தின்பதற்கு வலையில் கிடந்த பாரை மீனைத் தவிர ஒன்றும் இல்லை. அதைச் சுடுவதற்கு நெருப்பும் இல்லை. சோற்றோடு கடிக்கக் கொண்டுபோன வெங்காயமும் பச்சை மிளகாயும் இருந்தன. வாந்தி வந்தால் மணந்து பார்க்க என்று திரேசா கட்டித் தந்த தேசிக்காய்களும் இருந்தன.

நீ பாரையைக் கீறிச் சின்னச் சின்னத் துண்டாக்கி, தண்ணீர் குடிக்கிற தகரப் பேணிக்குள் போட்டாய். வெங்காயத்தையும் மிளகாயையும் அரிந்து போட்டு, தேசிக்காயைப் பிழிந்தாய். உப்புக்குக் கடலில் விரலை நனைத்து உதறினாய். கொஞ்ச நேரத்தில், கண்ணாடி போல இருந்த சதை வெள்ளையாகிவிட்டது. அடுப்பில் வைத்து எடுத்தது போலவே இருந்தது.

"இந்தா, வெந்திட்டுது," என்று நீட்டினாய்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பட்டினி கிடந்து செத்தாலும் பச்சை மீன் தின்னமாட்டேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டு தனியே தின்றாய். நான் உன் வாயைப் பார்த்தபடி பசியோடு கிடந்தேன்.

மறுநாள் வேறொரு வள்ளம் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. கரையில் மீன் ஏலம் கூறுகிற பேதுரு அண்ணை எங்கள் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். பேணிக்குள் மிச்சம் கிடந்தது. ஏலம் கூறுகிற அதே குரலில் கூறினார்:

"எடேய், இஞ்சை ஓடியாருங்கோடா! அந்தோனி பச்சை மீன் தின்னுறான், கொக்கு மாதிரி!"

"பச்சை இல்லை அண்ணை. தேசிக்காய்ப் புளியிலை வெந்தது," என்று நீ சொன்னாய்.

ஆர் கேட்டது? பொழுது படுவதற்கிடையில் நீ கொக்கு. உன் வீடு கொக்கு வீடு. உன் பிள்ளைகள் கொக்குக் குஞ்சுகள். எங்கள் தீவில் ஞானஸ்நானப் பெயர் கோவில் பதிவில் இருக்கும். பட்டப்பெயர் சனத்தின் வாயில் இருக்கும். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் செல்லுபடியாவது வாயில் இருக்கிறதுதான்.

ஆனால் உனக்கு அந்த ருசி பிடித்துவிட்டது. நல்ல பாரையோ அறுக்குளாவோ பட்டால் பேணியை எடுத்துவிடுவாய். "கொக்குக்கு எப்பவாவது வயித்துவலி வந்ததைக் கண்டனியோ?" என்று என்னைக் கேட்பாய். உன்னோடு பேசி வெல்ல ஏலாது. ஒன்றை மட்டும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். கரை தெரியத் தொடங்கியதும் பேணியை மூடுவாய். மூடி, அதற்கு மேல் ஒரு சாக்கையும் போடுவாய். அதற்குப் பிறகுதான் வள்ளத்தின் முன்பக்கத்தில் எழும்பி நிற்பாய். அது வெட்கமா மச்சான்? இல்லை, வீட்டிலிருந்த குஞ்சுகளை நினைத்தா?

பிறகு றீற்றாவுக்கு ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் சிரித்துக் கதைத்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றார்கள். போகிற வழியில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "கொக்கு வீட்டிலையோ பெண் எடுக்கிறியள்?" அவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்த முறை கடலுக்குப் போனபோது, நீ பேணியைத் தூக்கி எறிந்தாய். அது கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு தண்ணீர் நிறைந்து தாண்டுபோனது. "காத்து மாறுது, வலையை இழு," என்றாய். றீற்றாவுக்குப் பிறகு நல்ல இடத்தில்தான் கல்யாணம் நடந்தது. ஆனாலும் பேணி வள்ளத்துக்குத் திரும்பி வரவில்லை. கண் மூடும்வரை நீ அதைத் தொடவில்லை.

இனித்தான் புதினமான சங்கதி. திரேசாவை நிமிர்ந்து இருக்கச் சொல்லு.

மண்கும்பான் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார்கள். மெக்சிக்கோச் சாப்பாட்டுக்கடை. சிரிக்காதே, உண்மை. கடைக்காரி ஜெனிற்றா அந்த ஊர்ப் பிள்ளைதான். கனடாவில் மெக்சிக்கோக்காரர் நடத்திய கடல் உணவுக் கடையில் கனகாலம் வேலை செய்தவள். அங்கே சமைத்துக்கொண்டிருந்த மிகேல் என்கிற மெக்சிக்கோப் பெடியனையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தாய் தகப்பனின் காணியில் ஒரு கிடுகுக் கொட்டில், நீலப் பிளாஸ்டிக் கதிரைகள், மேசைக்குமேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அவ்வளவுதான் கடை. கடலில் கால் நனைத்துவிட்டு மண்ணோடு வந்து இருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் கரைக்கு ஜெனிற்றா மீன் வாங்க வருவாள். "ஐயா, ஒருநாள் வந்து சாப்பிடுங்கோவன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொக்கு என்ற பெயர் இல்லாமல் எழுதமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததில் றீற்றா என்னோடு கதைக்காமல் இருந்தாள்; அவளைச் சமாதானப்படுத்த ஞாயிறு பூசை முடிய ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அல்லைப்பிட்டி தாண்டிப் போனேன்.

கொட்டிலில் ஒரு கரும்பலகை. அன்றன்றைய சாப்பாட்டைச் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். டாக்கோ. இறால் கொக்டெயில். செவிச்சே.

"செவிச்சே எண்டால் என்ன பிள்ளை?"

"அது ஐயா, பச்சை மீனைச் சின்னனா வெட்டி, தேசிக்காய்ப் புளியிலை ஊறப் போடுறது. வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை எல்லாம் சேரும். கனடாவிலை சனம் வரிசையிலை நிண்டு தின்னும்."

மச்சான், அந்த நேரம் நீ என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "றீற்றா, கேட்டியே! கேட்டியே!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கே பேதுரு அண்ணை இருந்தார். பாரிஸிலிருந்து வந்து நின்ற மகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவருக்கு முன்னால் ஒரு தட்டு. கையில் கரண்டி. தட்டில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லவும் வேண்டுமா?

"மாமா, வாங்கோ போவம்," என்று றீற்றா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் போகேலாது. நான் இப்பத்தான் வந்தனான்," என்று கதிரையை இழுத்து, அவருக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தேன். "என்ன பேதுரு அண்ணை, சாப்பாடு நடக்குது போலை?"

"ஓம் சவரி. மகன் வாங்கித் தந்தவன். வெளிநாட்டுச் சாப்பாடு. நல்லாயிருக்கு."

"அது பச்சை மீன் அண்ணை."

"சீ, உனக்கு உதுகள் விளங்காது. இது பச்சை இல்லையடாப்பா, தேசிக்காய்ப் புளியிலை வெந்தது."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அது காதில் விழுந்தது. கரண்டி வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"அதைத்தான் அவனும் சொன்னவன்," என்றேன். "அந்தக் கரையிலை, உங்கடை முகத்துக்கு நேரை."

"அது... அப்ப ஒரு பகிடிக்குச் சொன்னது."

"பகிடி எண்டால் சொன்ன இடத்திலை முடியவேணும் அண்ணை. உங்கடை பகிடி ஊர்காவற்றுறை வரைக்கும் நடந்து போய் இந்தப் பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பினது."

பாரிஸ் மகன் தகப்பனைப் பார்த்தான், பிறகு தன் தட்டைப் பார்த்தான். நான் ஏலம் கூறுகிற குரலில் குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "ஜெனிற்றா! எனக்கும் ஒரு செவிச்சே. அந்தோனியின்ரை பேரிலை!"

றீற்றா இருந்துவிட்டாள். ஆனால் தனக்கு வெந்த சாப்பாடுதான் வேண்டும் என்றாள். அவளுக்கு இறால் வந்தது. எதில் வந்தது தெரியுமா? ஐஸ்கிறீம் கிளாசில்! தக்காளிச் சாற்றுக்குள் இறால் மிதக்கிறது, விளிம்பில் ஒரு தேசிக்காய்த் துண்டு. "இறாலுக்கு வந்த வாழ்வைப் பார்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

என் தட்டை மிகேல் தானே கொண்டுவந்து வைத்தான். பெரிய உடம்புக்காரன், முகத்தில் பால்குடிப் பிள்ளையின் சிரிப்பு. "ஐயா, உறைப்பு, உறைப்பு," என்று கையைக் காட்டி எச்சரித்தான்.

"தம்பி, நீர் யாழ்ப்பாணத்தானுக்கு உறைப்பைக் காட்டிப் பயப்படுத்தாதையும்," என்றேன். ஜெனிற்றா அதை அவன் பாஷையில் சொல்ல, கொட்டில் அதிரச் சிரித்தான்.

அடியில் அப்பளம் போல ஒன்று, சோளத்தில் பொரித்ததாம். அதற்குமேல் அறுக்குளாத் துண்டுகள், வெள்ளை வெளேரென்று. நான் ஒரு வாய் வைத்தேன். முதலில் புளி தாடையைப் பிடித்தது. பிறகு மிளகாய் ஏறியது. எல்லாம் அடங்கிய பிறகு, மீனின் இனிப்பு மெல்ல வந்தது. கவிச்சி கொஞ்சமும் இல்லை. மச்சான், இவ்வளவு நல்ல சாமானையா ஒரே வள்ளத்தில் இருந்துகொண்டு நீ தனியே தின்றாய்? நான் ஒருமுறை முகத்தைத் திருப்பினேன் என்றால், நீ இன்னொருமுறை நீட்டியிருக்கக் கூடாதா?

தட்டு பாதியாகும்போது றீற்றாவிடம் பேணியின் கதையைச் சொன்னேன். கரை தெரிந்ததும் நீ மூடுகிறதைச் சொன்னேன். பிறகு எறிந்த நாளைச் சொன்னேன். அவள் ஐஸ்கிறீம் கிளாசைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா எனக்காகவோ விட்டவர்? அம்மா ஏசி நிப்பாட்டினவ எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"உன்ரை அம்மா ஏசாத நாள் இல்லை. அதுக்கு அவன் விடேல்லை. உனக்காகத்தான் விட்டவன்."

அவள் கையை நீட்டி, என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கனநேரம் மென்றாள். கண் நிறைந்து போயிருந்தது. மிளகாயாலும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

"உப்புக் காணாது," என்றாள்.

உன் மகள்தான், மச்சான். சந்தேகம் வேண்டாம்.

மிகேல் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான். தன்னுடைய தகப்பனும் மீன்பிடிகாரன்தான், வள்ளத்தில் வைத்து இப்படித்தான் தின்பார் என்று ஜெனிற்றாவைக் கொண்டு சொன்னான்.

"அங்கை சனம் அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது?" என்று கேட்டேன்.

ஜெனிற்றா கேட்டுச் சொன்னாள்: "என்ன சொல்லிக் கூப்பிடுறது? மீன்பிடிகாரன் எண்டுதானாம்."

கேட்டாயா? அவ்வளவுதான். கடல் ஒன்றுதான், மீனும் தேசிக்காயும் ஒன்றுதான். அங்கே அவன் மீன்பிடிகாரன், இங்கே நீ கொக்கு.

அப்போது மிகேல் தட்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்: "உங்கடை ஊர்... இதுக்கு என்ன பேர்?"

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. றீற்றா நிமிர்ந்தாள். அடுத்த மேசைக்கும் கேட்கத்தக்கதாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"கொக்கு. எங்கடை அப்பான்ரை பேர்."

ஜெனிற்றா சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். றீற்றா அவளைத் தடுத்தாள். "மாமா எழுதட்டும்," என்றாள். கரும்பலகையில் எழுதுவது கொப்பியில் எழுதுவது போல இல்லை. முதல் எழுத்துப் பெரிதாகிவிட்டது, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் கடற்கரை வீதியில் போகிறவனுக்கும் தெரியும்படி எழுதினேன்: கொக்கு அந்தோனி.

பேதுரு அண்ணை எழும்பிப் போகும்போது பலகைக்கு முன்னால் நின்றார். தட்டை வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழும்பினார், அதையும் சொல்லவேண்டும். கனநேரம் பார்த்தார்.

"பேர் வைச்சது நான் எண்டும் ஒரு ஓரத்திலை போடுவியளோ?"

"அதுக்கு வேறை பலகை வேணும் அண்ணை," என்றேன்.

அவர் றீற்றாவின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவள் தட்டிவிடவும் இல்லை, குனியவும் இல்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் கனவில் வந்து சொல்லு.

புத்தக விசயம் இன்னும் முடியவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன் மாமா," என்று றீற்றா ஓட்டோவில் சொன்னாள். கடைக்குள் சொல்வது ஒன்று, அச்சில் ஏற்றிக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புவது இன்னொன்று என்கிறாள். யோசிக்கட்டும். ஆனால் இந்தக் கடிதத்தைப் போட்டால் முழுதாகப் போடவேண்டும். கொக்கை வெட்டினால் இதில் கடதாசி மட்டும்தான் மிஞ்சும். போடாவிட்டால், நினைவுப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது வாசலில் நின்று நானே உரக்க வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், வெயில் ஏறும். நிற்கட்டும். உன்னைக் கொக்கு என்று கூப்பிட அவர்களுக்கு ஒருநாளும் வெயில் குறுக்கே நிற்கவில்லையே.

இனி நான் உனக்குத் தருகிற வாக்கு. யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில் ஒரு தகரப் பேணி வாங்கிவிட்டேன். உன்னுடையதைப் போலவே, மூடியோடு. மூடியைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆழக்கடலுக்குப் போக எனக்கு இனி ஏலாது. ஆனால் கரைக்கடலில் வலை போட இன்னும் கையில் பலம் இருக்கிறது. நல்ல பாரை ஒன்று படும் நாளில், அதைக் கீறித் தேசிக்காய் பிழிந்து, வள்ளத்தின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டு கரைக்கு வருவேன். சாக்குப் போடமாட்டேன். கரை தெரிந்தாலும், கரையில் ஊரே நின்றாலும், பேணியை மூடமாட்டேன். ஆராவது எட்டிப் பார்த்தால் நீட்டுவேன். முகத்தைத் திருப்பினால் இன்னொருமுறை நீட்டுவேன்.

இப்படிக்கு,
கொக்கின் மச்சான்,
மண்டைதீவு சவரிமுத்து